அம்மாவின் பெயரில் ஓர் ஆராய்ச்சி நிதி: மறதி நோய் ஆய்வுக்குக் குடும்பமாகக் கொடுப்பது எப்படி?

எங்கள் அம்மா வாசலில் போட்ட சிக்குக் கோலம் ஒருநாள் மூடவில்லை. கம்பி ஒரு புள்ளியைச் சுற்றி வந்து, அடுத்த புள்ளிக்குப் போகாமல் அப்படியே நின்றிருந்தது. ஐம்பது வருஷம் கோலம் போட்ட கை. "கால் வலி, குனிய முடியலை" என்றார். நாங்களும் நம்பினோம். ஒன்றரை வருஷம் கழித்துத்தான் ஒரு மருத்துவமனையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். இன்று என்ன தேதி? "அமாவாசைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு." என்ன மாதம்? "ஆடி." இரண்டும் சரி. இரண்டுக்கும் மதிப்பெண் விழவில்லை. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பென்சிலால் வரையச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர்; பென்சில் பிடித்தே அறுபது வருஷம் ஆகியிருந்தது.

முதல் வருஷத் திவசம் முடிந்த அன்று மாலை, ஊர் மனையை விற்ற பணத்தில் 20 லட்சத்தை அம்மா பெயரில் ஏதாவது நல்ல காரியத்துக்குப் போடலாம் என்று அண்ணன் ஆரம்பித்தார். அன்னதானம், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் என்று பேச்சு போனது. "அம்மாவைக் கொண்டுபோன நோய்க்கே செலவு பண்ணுவோமே" என்றார் அக்கா. அந்த ஒரு வரியைக் காரியமாக்க எங்களுக்குப் பதினாலு மாதம் பிடித்தது. அதில் பாதி, வேலையைத் தலைகீழ் வரிசையில் செய்ததால் வீணானது. சரியான வரிசை எது என்று இப்போது தெரிகிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதல் படி: பெயரையும் அறக்கட்டளையையும் ஓரமாக வையுங்கள்

எல்லாக் குடும்பமும் பெயரில்தான் தொடங்குகிறது. 'இன்னார் நினைவு அறக்கட்டளை' என்று பெயர் வைத்து, முத்திரை செய்து, வங்கிக் கணக்கு திறந்து, அதன் பிறகு "சரி, என்ன செய்யலாம்?" என்று உட்காருவது. நாங்களும் பத்திரம் எழுதுபவரிடம் போய்விட்டுத்தான் திரும்பி வந்தோம்.

எந்தக் கேள்விக்கு விடை தேடப் பணம் கொடுக்கிறோம் என்பது முதலில் முடிவாக வேண்டும். அந்தக் கேள்வியை யார் கையில் கொடுப்பது என்பது அடுத்தது. பணம் எந்த வழியில் போகும், வரி என்ன, அறக்கட்டளை தேவையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு தானாகத் தெளியும். பெயர் கடைசி.

அதற்கும் முன்னால் வீட்டுக்குள் ஒரு பேச்சு முடிய வேண்டும். பராமரிப்புக்குக் கொடுத்தால் அடுத்த மாதமே பலனைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பகல்நேரக் காப்பகத்துக்கு நாலு சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுத்தால் அதில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். ஆராய்ச்சி அப்படியில்லை. ஐந்து வருஷம் பணம் கொடுத்த பிறகு, "நாங்கள் நினைத்தது தவறு என்று தெரிந்தது" என்று ஓர் அறிக்கை வரலாம். அது உருப்படியான ஆராய்ச்சியாகவும் இருக்கலாம். இதைத் தாங்கிக்கொள்ள முடியாத அண்ணன் தம்பி வீட்டில் இருந்தால், தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்கிவிட்டு மீதியோடு மேலே போங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

இரண்டாம் படி: உங்கள் கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் நேரம் எடுத்துப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

நிலவரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 'லாசி–டாட்' என்ற நாடு தழுவிய ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் (டிமென்ஷியா) இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு '10/66' என்று பெயர் வைத்தார்கள். நோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அந்தக் குழு மக்களிடையே நேரில் போய் ஆய்வு செய்த இடங்களில் சென்னையும் வேலூரும் உண்டு. அதற்கும் முன்பே 1990களில் திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் முதியவர்களிடையே கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. ஆக, நம் பக்கம் ஆராய்ச்சியே கிடையாது என்ற எண்ணத்தோடு தொடங்க வேண்டாம்.

ஆராய்ச்சி என்றதும் நம் மனதில் வருவது மருந்து. சின்னக் குடும்ப நிதிக்கு அந்தப் பாதை உகந்ததல்ல என்பது என் கருத்து. மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை அகற்றும் லெகனமாப் மருந்துக்கு அமெரிக்கா 2023இல் முழு அனுமதி கொடுத்தது. அது நோயை நிறுத்தவில்லை. 18 மாத ஆய்வில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. அதற்கே பல பத்தாண்டுகளும், எண்ணிப் பார்க்க முடியாத பணமும் போயின. அதே துறையில் 2006இல் வெளிவந்து, ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்ட ஓர் ஆய்வுக்கட்டுரை, படங்களைத் திருத்தியிருந்தது தெரிந்து 2024இல் திரும்பப் பெறப்பட்டது. பெரிய ஆட்டம் அது. அங்கே நம் 20 லட்சம் கடலில் கரைத்த பெருங்காயம்.

நம் பணம் எடுபடும் இடங்கள் வேறு. எனக்குத் தெரிந்தவரை நாலைச் சொல்கிறேன்.

ஒன்று, நோயைக் கண்டுபிடிக்கும் சோதனைகள். அம்மாவின் அமாவாசைக் கதை இங்கேதான் வருகிறது. படிப்பில்லாதவரை, ஆங்கில மாதக் கணக்கில் வாழாதவரை எப்படிச் சோதிப்பது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய அறிதிறன் சோதனைத் தொகுப்பு முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் சரிபார்க்கப்பட்டு வந்தது. அந்த ஐந்தில் தமிழ் இல்லை. மறுபுறம், வேலூரில் சமூகத்துக்குப் பொருத்தமான எளிய சோதனை ஒன்றை உருவாக்கி 2009இல் வெளியிட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு சோதனையை நூற்றுக்கணக்கானவர்களிடம் வைத்துப் பார்த்து, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும் என்று நிர்ணயிக்கும் வேலைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பயிற்சி பெற்ற நாலு பேர், பேருந்துக் கட்டணம், பொறுமை. இவ்வளவுதான் மூலப்பொருள்.

இரண்டு, ஏற்கெனவே மருத்துவமனைக் கோப்புகளில் தூங்கும் தகவல். 2013இல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழு, 648 நோயாளிகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தது. ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருஷம் தாமதித்து வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட முடிவு இது. ஒரு மருத்துவமனையின் பதிவுகளிலிருந்து கிடைத்தது.

மூன்று, நீண்ட காலத் தொடர் ஆய்வுகள். மாம்பழத்துக்குப் பேர்போன கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் வட்டத்தில், 45 வயதைத் தாண்டிய 10,000 கிராமத்து ஆட்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தை பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. இந்த மையம் உருவாக இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பம் 225 கோடி ரூபாய் தர முன்வந்தது. அதே மையத்தின் நகர்ப்புற ஆய்வுக்கு டாடா அறக்கட்டளைகள் பணம் தருகின்றன. நாம் அந்தக் கணக்கில் வரமாட்டோம். ஆனால் எந்தத் தொடர் ஆய்வும் தடுமாறுவது இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்றில்தான். ஆட்கள் வீடு மாறிவிடுவார்கள், போன் எண் மாறும், மகன் "எதுக்கு மறுபடியும்?" என்பான். திரும்பத் திரும்பப் போய்க் கதவைத் தட்டும் களப்பணியாளரின் சம்பளம் ஒரு குடும்ப நிதியால் முடிகிற காரியம்.

நான்கு, ஆள். இளம் ஆய்வாளர் ஒருவரைப் பிஎச்.டி முடிக்கவைப்பது. மத்திய அரசு 2023 ஜனவரி முதல் நிர்ணயித்த உதவித்தொகையை அளவாக வைத்துக்கொண்டால், முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அடுத்த மூன்று வருஷம் மாதம் 42,000. கூட்டினால் சரியாக 24 லட்சம். வீட்டு வாடகைப்படி தனி. "ஒரு ஆராய்ச்சியாளர் உருவாக எவ்வளவு ஆகும்?" என்று அண்ணன் கேட்டபோது இந்தக் கணக்கைத்தான் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஒரு பெரிய கல்யாணச் செலவுக்குள் அடங்கிவிடுகிறதே என்று ஆச்சரியப்பட்டார்.

இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் வீட்டு நோயாளியோடு கழித்த வருஷங்களைக் கேளுங்கள். நடுராத்திரி எழுந்து "வீட்டுக்குப் போகலாம்" என்று தன் வீட்டிலேயே நின்று அழுத அப்பா உங்களுக்கு இருந்தால், இந்த நடத்தை மாற்றங்களை மாத்திரை இல்லாமல் சமாளிக்கும் வழிகளைப் பற்றிய ஆய்வு உங்களுடையது. 55 வயதிலேயே குணம் மாறி, கடன் வாங்கி, வேலையை இழந்த கணவர் என்றால், முன்மூளைப் பகுதியைத் தாக்கும் வகை மறதி நோயைப் பற்றிய ஆய்வு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து சின்னச் சின்னப் பக்கவாதமாக வந்த பாட்டி என்றால், தடுப்பு. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் இந்த நோய்க்கு வழிவிடும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, எல்லாவற்றையும் கையாண்டால் உலக அளவில் 45 சதவீத மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. பட்டியலில் காது கேளாமையும் இருக்கிறது, இளவயதில் கிடைக்காமல் போன படிப்பும் இருக்கிறது. அம்மாவின் மூன்றாம் வகுப்பை நினைத்துக்கொண்டேன்.

கேள்வியை ஒரே வாக்கியமாகத் தமிழில் எழுதுங்கள். எங்களுடையது: "பள்ளிக்கூடம் போகாத தமிழ்ப் பெண்களுக்கு மறதி நோய் தொடங்குவதைச் சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி?" அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போனோம்.

மூன்றாம் படி: யாரிடம் கொடுப்பது

கதவைத் தட்டக்கூடிய இடங்கள் சில. பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான தேசிய மருத்துவ நிறுவனம் நிம்ஹான்ஸ், மேலே சொன்ன மூளை ஆராய்ச்சி மையம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. சென்னையில், டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப். மனச்சிதைவுக்காகப் பிறந்த அமைப்பு, மறதி நோய்க்கும் தனிப் பிரிவு நடத்துகிறது. ஐஐடி மெட்ராஸில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், மூளையின் அமைப்பைச் செல் அளவில் படமெடுக்கும் வேலையைச் செய்கிறது. கேரளத்தில் 1992இல் தொடங்கி நாடு முழுக்கக் கிளை பரப்பிய 'ஆர்ட்சி' என்ற அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு (மறதி நோயில் அதிகம் காணப்படும் வகைதான் அல்சைமர்). பராமரிப்பும் விழிப்புணர்வும் அதன் முதல் வேலை. எந்த ஆய்வாளர் எதில் இருக்கிறார் என்று விசாரிக்கவும் அது நல்ல இடம்.

முதல் கடிதம் நிறுவனத்துக்குப் போகட்டும், பேச்சு ஆய்வாளரோடு நடக்கட்டும். நன்கொடைப் பிரிவில் இருப்பவர்கள் மரியாதையானவர்கள். தேநீர் கொடுத்து, வழவழத் தாளில் அச்சிட்ட புத்தகம் ஒன்றும் கொடுத்து அனுப்புவார்கள். ஆய்வைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. ஓர் இடத்தில் நாங்கள் மூன்று முறை போயும் ஆய்வாளரைக் கண்ணில் காட்டவில்லை. நாலாவது முறை போகவில்லை.

ஆய்வாளரிடம் கேட்க வேண்டியவற்றில் முதல் கேள்வி: "இந்தப் பணம் வராவிட்டால் எது நடக்காமல் போகும்?" ஒருவர், "ஒன்றும் நின்றுவிடாது, இருந்தாலும் உதவியாக இருக்கும்" என்றார். நேர்மையான மனிதர், நன்றி சொல்லி வந்துவிட்டோம். இன்னொருவர் யோசிக்காமல், "வர்ற மார்ச்சோட ரெண்டு கள ஆட்களை அனுப்பிடணும்" என்றார். எங்கள் பணம் எங்கே போக வேண்டும் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

மற்றவற்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கியாயிற்றா? மருந்தோ சிகிச்சையோ சோதிக்கும் ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்த எண் என்ன? அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மறதி நோயாளியிடம் சம்மதம் எப்படி வாங்குகிறீர்கள்? எதிர்பார்த்த முடிவு வராவிட்டாலும் வெளியிடுவீர்களா? நிறுவனம் தன் நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம் பிடிக்கும்?

கடைசிக் கேள்விக்கு ஒரு பக்கக் கதை. அமெரிக்காவில் சில குடும்பங்கள் சேர்ந்து 2004இல் தொடங்கிய 'க்யூர் அல்சைமர்ஸ் ஃபண்ட்', பொதுமக்கள் தரும் நன்கொடை முழுவதையும் ஆராய்ச்சிக்கே அனுப்புகிறது. அலுவலகச் செலவைத் தொடங்கியவர்களும் நிர்வாகக் குழுவினரும் ஏற்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அண்ணன் இங்கேயும் "ஒரு பைசா நிர்வாகத்துக்குப் போகக் கூடாது" என்று நின்றார். மின்சாரம், கணக்காளர், வண்டி இல்லாமல் ஆய்வு நடக்காது. யாராவது கொடுத்தே ஆக வேண்டும். சதவீதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்குவதே போதும்.

நான்காம் படி: பணம் போகும் வழி

மூன்று வழிகள் உண்டு. நேரடியாக ஒரு திட்டத்துக்குக் கொடுத்துச் செலவழிப்பது, நிறுவனத்திடம் வைப்புநிதியாகக் கொடுத்து வட்டியில் நடத்தச் சொல்வது, சொந்த அறக்கட்டளை.

வைப்புநிதி நமக்குப் புதிதல்ல. சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். இடையர் அதை வளர்த்துக்கொண்டு, தினம் அளவு தவறாமல் நெய் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். ஆடு சாகும், மூப்படையும்; மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. முதலைத் தொடாதே, பலனை எடு என்ற இன்றைய ஏற்பாடேதான். ஒரு வித்தியாசம் மட்டும்: ஆடு குட்டி போடும், விலைவாசியோடு சேர்ந்து அதன் மதிப்பும் ஏறும். வங்கியில் 7 சதவீதத்தில் போட்ட 20 லட்சம் வருஷத்துக்கு 1,40,000 தரும். விலைவாசி வருஷம் 5 சதவீதம் ஏறினால், பதினாலு வருஷத்தில் அந்த 1,40,000 வாங்குவது பாதியாகிவிடும். ஓர் ஆய்வாளரின் மூன்று மாதச் சம்பளத்தைக் காலாகாலத்துக்கும் கொடுப்பதைவிட, ஒரு முழு வேலையை மூன்று வருஷத்தில் முடித்துவைப்பது மேல் என்று நாங்கள் முடிவு செய்தோம். வருஷத்துக்கு ஒரு சொற்பொழிவு, ஒரு மாணவருக்குப் பரிசு என்றால் வைப்புநிதி பொருந்தும்.

சொந்த அறக்கட்டளையைப் பற்றி என் அபிப்பிராயம் வெளிப்படையானது: ஒரு கோடிக்குக் கீழே என்றால் வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவது ஒரு நாள் வேலை. அதன் பிறகுதான் வேலையே. வருமான வரித்துறையில் பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க இன்னொரு ஒப்புதல், இரண்டையும் காலாகாலத்தில் புதுப்பிப்பது, வருஷா வருஷம் கணக்குத் தாக்கல், வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்துக் காட்டுவது. உங்கள் அறக்கட்டளை தானே ஆராய்ச்சி செய்யாமல் இன்னோர் அறக்கட்டளைக்குக் கொடுக்கிறது என்றால், 2023இல் வந்த திருத்தத்தின்படி கொடுத்ததில் 85 சதவீதம்தான் செலவாகக் கணக்கில் வரும். இவ்வளவுக்கும் ஒரு ஆடிட்டர் வேண்டும், அவருக்கு வருஷக் கட்டணம் வேண்டும். எங்கள் மாமா ஒருவர் தன் மனைவி பெயரில் தொடங்கிய அறக்கட்டளையில், நாலாம் வருஷம் தணிக்கைக் கட்டணம் கொடுத்த உதவியைவிட அதிகமாக இருந்தது.

வரி விஷயம் சுருக்கமாக. வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கான 80ஜி பிரிவின் ஒப்புதல் பெற்ற பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தால் தொகையில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதற்கும் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. அறிவியல் ஆராய்ச்சிக்கென்று தனி ஒப்புதல் பெற்ற நிறுவனம் என்றால் முழுத் தொகைக்கும் கழிவு கிடைக்கும். தொழில் வருமானம் உள்ளவருக்கும் சம்பளக்காரருக்கும் பிரிவுகள் வேறு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. நிலத்தையோ நகையையோ அப்படியே எழுதிக் கொடுத்தாலும் 80ஜி கிடையாது, பணமாக இருக்க வேண்டும். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகைகள் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேர் புதிய முறைக்கு மாறியிருந்தது, எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. இன்னொன்று, 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. எல்லோர் வாயிலும் இன்னும் 80ஜிதான். படிவத்தில் என்ன எண் என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் இருந்தால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால், கையில் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். பெறும் நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும், பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில் இறங்க வேண்டும். அங்கே வாங்கியதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிவிடவும் 2020 முதல் தடை. "என் கணக்குக்கு அனுப்பு, நான் இங்கிருந்து கொடுத்துடறேன்" என்ற குறுக்குவழியில் போக வேண்டாம். அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட என் தம்பி தன் பங்கை அங்கேயே உள்ள ஓர் அல்சைமர் அமைப்புக்கு அம்மா பெயரில் கொடுத்துவிட்டான். அவனுக்கு அங்கே வரிச்சலுகை, எங்களுக்கு இங்கே தலைவலி இல்லை.

நோயாளி உயிரோடு இருக்கும்போதே திட்டமிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நோய் உறுதியான பிறகு அவர் கையெழுத்தில் நன்கொடைப் பத்திரமோ உயிலோ எழுதாதீர்கள். எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும், புத்தி தெளிவாக இருந்ததா என்று பின்னால் யாராவது கேட்பார்கள். உங்கள் பணத்தில் கொடுங்கள்.

ஐந்தாம் படி: ஒப்பந்தம்

இரண்டு பக்கம் போதும். பணம் எத்தனை தவணை, ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும். மீந்த பணம் என்ன ஆகும். பொறுப்பான ஆய்வாளர் வேலை மாறிப் போனால் என்ன ஆகும். இது அடிக்கடி நடக்கும், கட்டாயம் எழுதுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஒரு பக்க அறிக்கை, தமிழில், படிப்பில்லாத பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டக்கூடிய மொழியில். தமிழில் கேட்டதும் ஆய்வாளருக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு அவரே, தன் வேலையைத் தன் அம்மாவுக்கு இப்போதுதான் முதல்முறையாகப் புரியவைத்ததாகச் சொன்னார்.

நீங்கள் எதைக் கேட்க மாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஆய்வில் கலந்துகொண்டவர்களின் பெயர், விவரம் கேட்க மாட்டீர்கள். முடிவு இப்படி வர வேண்டும் என்று சொல்ல மாட்டீர்கள். சொந்தக்காரர் ஒருவருக்கு மருத்துவமனையில் முன்னுரிமை கேட்க மாட்டீர்கள். மூன்றாவதை நான் நகைச்சுவைக்காக எழுதவில்லை.

பணம் இல்லாமல் கொடுப்பது

நிம்ஹான்ஸில் 1995 முதல் மனித மூளை வங்கி ஒன்று இயங்குகிறது. இறந்த பிறகு மூளையைத் தானம் செய்தால், அந்த நோய் உண்மையில் என்ன வகை என்பதே பல சமயம் அப்போதுதான் உறுதியாகும். 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், தான் முன்பு கவனித்துவந்த அகஸ்டே டீட்டர் என்ற பெண் இறந்தபின் அவர் மூளையை நுண்ணோக்கியில் பார்த்ததில் இருந்துதான் அல்சைமர் நோய்க்குப் பெயரே வந்தது. நேரம் மிகக் குறைவு என்பதால் குடும்பம் முன்கூட்டியே பேசி, விவரம் கேட்டு வைத்திருக்க வேண்டும். நாங்கள் பேசவில்லை. துக்க வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. இப்போது அக்காவும் நானும் எங்களுக்காகப் பேசி வைத்திருக்கிறோம். இன்னொன்றும் உண்டு: நினைவு நன்றாக உள்ள முதியவர்களும் ஆய்வுகளுக்குத் தேவை. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள்.

கடைசிப் படி: பெயர்

நம் ஊர்க் கோயில் டியூப் லைட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். உபயம் என்று தொடங்கி, கொடுத்தவர், அவர் மனைவி, பிள்ளைகள், கடையின் பெயர், போன் நம்பர் வரை எழுதி, வெளிச்சம் வர இடமில்லாமல் எரியும். ஆய்வுக்குப் பெயர் வைக்கும்போது அந்த விளக்கு எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. நிறுவனம் ஒரு பெயர்ப்பலகை தரும், அறிக்கைகளில் நன்றி வரும். அம்மாவின் பெயரும் ஊரும் மட்டும் போதும் என்று வைத்தோம். நாங்கள் யார் பெயரும் இல்லை என்பதில் ஒரு சித்தப்பாவுக்கு இன்றுவரை வருத்தம்.

படம் கேட்டார்கள். கடைசி வருஷங்களின் படம் வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அண்ணன் கல்யாணத்தன்று வாசலில் பெரிய கோலத்தின் நடுவில், மாவுக் கையோடு நிமிர்ந்து பார்க்கும் படம் ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தோம்.

இனி ஒரு கோப்பு. ஒப்பந்தம், ரசீதுகள், வரிச் சான்றிதழ், ஆய்வாளரின் எண், வருஷ அறிக்கைகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். குடும்பத்தின் சார்பில் பேச ஒரே ஆள், அவருக்கு அடுத்து யார் என்றும் எழுதி வையுங்கள். எங்கள் கோப்பு அக்கா வீட்டுப் பீரோவில், அம்மாவின் புடவைகளுக்குக் கீழே இருக்கிறது. அடுத்த ஆள் அக்கா மகள், வயது 24. முதல் அறிக்கை திவசத்துக்கு முந்தின வாரம் வந்தது. அவள்தான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். 'தேதி கேட்கும்போது தமிழ் மாதமும் பிறைக்கணக்கும் ஏற்றுக்கொள்ளப்படும்' என்று சோதனை முறையில் சேர்த்திருந்தார்கள். அண்ணன் அந்த வரியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.